கண்ணாடியும் நூல்கண்டும்

சரித்திர நாவல் எழுதுகிற நம்மவர்கள் பெண்களைக் காப்பாற்றுவதை ஒரு பத்து வருஷத்துக்காவது நிறுத்தி வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நெருப்பிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும், குதிரையில் தூக்கிப் போகிற எதிரியிடமிருந்தும் இதுவரை காப்பாற்றியது போதும். இந்தக் காரியத்தை அதிகமாகச் செய்தவர்களில் நானும் ஒருவன். ஆகையால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. திருடியவனுக்குத்தானே எந்த வழியாக வீட்டுக்குள் நுழைந்தான் என்பது தெரியும்?

பாளையங்கோட்டைக் குளோரிந்தாவைப் பற்றி, சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் முப்பத்திரண்டு வாரம் தொடர்கதை எழுதினேன். திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டண்டு சபை உண்டானபோது முன்னால் நின்றவள் ஒரு பெண். அவள்தான் இந்தக் குளோரிந்தா. முதல் அத்தியாயத்திலேயே சிதையை மூட்டிவிட்டேன். மேளம் முழங்கிற்று, உறவினர் கோஷமிட்டார்கள், புகை மண்டலத்தைக் கிழித்துக்கொண்டு ஆங்கிலேயச் சிப்பாய்த் தலைவன் பாய்ந்து வந்தான். ஓவியர் அதை இரண்டு பக்கத்துக்கு வரைந்தார். 'சபாஷ்' என்று கடிதங்கள் வந்தன. நானும் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பைக் கலைத்தது குன்னூரில் என் வீட்டுக்கு நாலு வீடு மேலே குடியிருக்கும் ஒரு டீச்சரம்மா. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மேட்டில் ஏறி வருகையில், மூச்சு வாங்குவதற்காக என் வாசல் திண்ணையில் சற்று உட்காருவார். அப்படி உட்கார்ந்த ஒரு நாள் கேட்டார்:

"தம்பி, உங்க கதையை ஒரு வாரம் விடாம வாசிச்சேன். ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க டீச்சரம்மா."

"அந்த அம்மா கோயில் கட்டினாங்கள்லா, அதுக்குச் சுண்ணாம்பு யாருகிட்ட வாங்கினாங்க? கொத்தனுக்குக் கூலி எப்படிக் கொடுத்தாங்க? முப்பத்திரண்டு வாரத்துல ஒரு வாரமாவது அதை எழுதுவீங்கன்னு பார்த்தேன். கடைசி வாரத்துல கோயில் தானா முளைச்சு நிக்குது!"

என்னிடம் பதில் இல்லை. காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். அந்த அம்மாளும் மரியாதைக்காக மாற்றிக்கொண்டார். ஆனால் கேள்வி திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பதில் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை உண்டாயிற்று.

இந்த மலையிலிருந்தே தொடங்குகிறேன். 1603-ம் வருஷம் கள்ளிக்கோட்டையிலிருந்து ஜகோமி பெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் நீலகிரிக்கு ஏறி வந்தார். அப்போது இங்கே ஊட்டியும் கிடையாது, குன்னூரும் கிடையாது. தேயிலை என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. மலைக்கு மேலே ஆதிகாலத்துக் கிறிஸ்தவர்கள் யாரோ வழிதவறி மறந்துபோய் வாழ்கிறார்கள் என்று கீழே ஒரு பேச்சு இருந்தது. அவர்களைத் தேடித்தான் வந்தார். அவர் பார்த்தது தோடர்களையும் படகர்களையும். தேடி வந்த கிறிஸ்தவர்கள் இல்லை. திரும்பிப் போய் எழுதிய கடிதத்தில் எருமைகளைப் பற்றியும், பூசாரியைப் பற்றியும், மக்களின் வழக்கங்களைப் பற்றியும் எழுதினார். பெண்களும் வருகிறார்கள். அவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூல்கண்டும் கொடுத்தாராம். அவர்கள் மிகவும் சந்தோஷப்பட்டார்களாம்.

பாதிரியாரை நான் குறை சொல்லவில்லை. பாஷை தெரியாத ஊரில், குளிரில் நடுங்கிக்கொண்டு வந்த மனிதர் வேறென்ன செய்வார்? ஆனால் நானூறு வருஷம் ஆன பிறகும், ஆதிக் கிறிஸ்தவ உலகத்துப் பெண்களைத் தேடிப் போகிற நாவலாசிரியர்கள் கையில் அதே கண்ணாடியும் நூல்கண்டும்தானே இருக்கின்றன? கதாநாயகியின் அழகைக் காட்டக் கண்ணாடி. அவளைக் கதாநாயகனோடு கட்டிப்போட நூல்கண்டு. இரண்டையும் கொடுத்துவிட்டால் அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று எழுதிவிட்டு மலையிறங்கி விடுகிறோம்.

இது தமிழனுக்கு மட்டும் பிடித்த நோயல்ல. 1859-ல் ஏற்பட்ட ஊட்டி நூலகத்தின் பழைய அலமாரிகளை நினைத்தால் எனக்கு மூன்று புத்தகங்கள் ஞாபகம் வரும். 1853-ல் சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 'ஹைபேஷியா' எழுதினார். அலெக்சாண்டிரியா நகரத்துத் தத்துவ ஞானியான ஒரு பெண்ணைக் கிறிஸ்தவக் கும்பல் கொன்ற கதை. கிங்ஸ்லியின் உண்மையான கோபம் தம் காலத்துக் கத்தோலிக்கர் மேல். மறு வருஷமே கார்டினல் வைஸ்மன் 'பாபியோலா'வைக் கொண்டுவந்தார். அதற்கு அடுத்த வருஷம், 1855-ல், நியூமன் 'கலிஸ்டா' எழுதினார். மூன்று வருஷத்தில் மூன்று நாவல். மூன்றுக்கும் பெண்ணின் பெயர். எழுதிய மூவரும் சமய குருமார். லண்டனில் நடந்த சண்டைக்கு அலெக்சாண்டிரியாவிலிருந்தும் ரோமாபுரியிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பெண்களை வரவழைத்து, தடி எடுத்து வீசுவதைப்போல் எடுத்து வீசினார்கள். பிறகு 1896-ல் சியென்கியேவிச்சின் 'குவோ வாடிஸ்' புத்தகமாக வந்தது. அதில் லிகியா என்ற பெண்ணைக் காட்டெருதின் தலையில் கட்டி அரங்கத்துக்குள் விடுகிறார்கள். ஒரு பலசாலி எருதின் கழுத்தை முறித்துக் காப்பாற்றுகிறான். உலகம் முழுவதும் கைதட்டிற்று. நானும் பள்ளிக்கூட வயதில் படித்துவிட்டுக் கைதட்டினவன்தான். அந்த எருதுதான் என் தொடர்கதையில் சிதையாக வந்தது என்று இப்போது புரிகிறது.

சரி, அந்தக் காலத்துப் பெண்கள் உண்மையில் எப்படி இருந்தார்கள்? எவனும் காப்பாற்ற வராதபோது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இதைச் சொல்ல ஆராய்ச்சிப் பட்டம் வேண்டியதில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கே கிடைக்கிறது. வேதப் புத்தகத்தைத் திறந்தாலே லீதியாள் இருக்கிறாள். இரத்தாம்பரம் விற்ற வியாபாரி. தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்று, பவுலையும் கூட வந்தவர்களையும் தன் வீட்டில் தங்கும்படி வருந்திக் கேட்டவள். பெபேயாள் இருக்கிறாள். அநேகருக்கு ஆதரவாக இருந்தவள் என்று பவுலே எழுதுகிறார். பிலினி என்ற ரோம அதிகாரி ஏறக்குறைய 112-ம் வருஷத்தில் சக்கரவர்த்தி டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்களைப் பற்றிய உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகக் குறிப்பிடுகிறார். சபையில் அவர்கள் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்டார்கள் என்கிறார். பெயரைச் சொல்லவில்லை. அடிமைகள், பெண்கள், ஆனால் ஒரு சபையின் விவரம் தெரிய வேண்டுமானால் அவர்களைத்தான் பிடிக்க வேண்டும் என்று ரோம ராஜ்யத்து கவர்னருக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியவில்லை.

எல்லாரையும்விடப் பெர்பெத்துவா இருக்கிறாள். 203-ம் வருஷம், கார்த்தேஜ் நகரத்துச் சிறையில், மரணதண்டனைக்குக் காத்திருந்த இருபத்திரண்டு வயதுப் பெண். கையில் பால்குடி மாறாத குழந்தை. சிறையில் நடந்ததைத் தன் கையாலேயே எழுதி வைத்தாள். சிங்கத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் அவள் குழந்தைக்குப் பால் கொடுப்பதைப் பற்றித்தான் எழுதினாள். இருட்டைப் பற்றியும் புழுக்கத்தைப் பற்றியும் எழுதினாள். கிழத் தகப்பனார் வந்து காலில் விழுந்து கெஞ்சியதையும், அவருக்காகத் தான் வருந்தியதையும் எழுதினாள். கூட இருந்த அடிமைப் பெண் பெலிசிட்டி சிறையிலேயே பிரசவித்தாள். இவற்றில் எதுவும் நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. இவ்வளவு சொந்தக் குரலோடு ஒருத்தி பேசி வைத்துவிட்டுப் போயிருக்கும்போது, எருதைத் தேடிக்கொண்டு ஓடுகிறவனை என்னவென்று சொல்வது?

இனிக் குளோரிந்தாவுக்கு வருகிறேன். அவளைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தவை கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமே ஒரு நாவலுக்குப் போதும். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டிய பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தாள். அவர் அவளுக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவ சமயமும் கற்றுக்கொடுத்தார். அவள் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டாள். கல்யாணமாகாமல் ஒருவரோடு வாழ்கிறாய் என்று ஐயர் மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு மறுபடி கேட்டாள். 1778-ல் பெற்றாள். 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள். முதல் பெயர் அவளுடையது. 1785-ல் அவள் முயற்சியால் எழுந்த கோயிலைச் சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். ஊர் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தி அம்மாள் கோயில்.

மேலே சொன்னதில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர் மறுத்தார். யாருக்கு மறுத்தார்? இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒருவர் பிறவிக் கிறிஸ்தவர். அவருக்குச் சின்ன வயதிலேயே சடங்கெல்லாம் முடிந்துவிட்டது. எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. இன்னொருத்தி வாசலில் நிற்கிறாள். குற்றம் இரண்டு பேருடையது, கதவு ஒருத்திக்கு மட்டும் சாத்தப்பட்டது. இப்படிச் சாத்தப்பட்ட பிறகும் கோபித்துக்கொண்டு போகாமல், மறுத்தவரையே மறுபடி போய்க் கேட்கிற மனசு எப்படிப்பட்டது? அதற்குப் பெயர் பக்தியா, பிடிவாதமா, அல்லது போக வேறு இடம் இல்லாமையா? விதவை என்று ஒரு பக்கம் தள்ளியாயிற்று. வெள்ளைக்காரனோடு இருந்தவள் என்று மறுபக்கம் தள்ளுகிறார்கள். இந்த இடத்தில் அல்லவா நாவல் இருக்கிறது! நான் இந்த இடத்தை மூன்று பாராவில் தாண்டினேன். சிதைக்கு மட்டும் இரண்டு வாரம்.

அந்த நாற்பது பேரை எண்ணிப் பாருங்கள். பல சாதிக்காரர்கள். மடிசஞ்சியாக வளர்ந்த ஒரு மராட்டிய பிராமணத்தி அவர்களோடு எந்தப் பாயில் உட்கார்ந்தாள்? முதல் தடவை யார் வீட்டுத் தண்ணீரைக் குடித்தாள்? அவர்களாவது இவளைச் சுலபமாக ஏற்றுக்கொண்டார்களா, அல்லது பணமுள்ள அம்மாள் என்று எட்டி நின்றார்களா? டீச்சரம்மா கேட்ட சுண்ணாம்பும் கூலியும் இங்கேதான் வருகின்றன. கோயில் கட்டுகிறவள் கொத்தனோடும் வண்டிக்காரனோடும் பேரம் பேசியே ஆக வேண்டும். பேரம் பேசத் தெரிந்த கதாநாயகி நம் சரித்திர நாவல்களில் எத்தனை பேர்?

அ. மாதவையாவை இழுக்காமல் இந்தப் பேச்சு முடியாது. 1915-ல் அவர் 'கிளாரிந்தா' என்ற நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். பின்னால் அது தமிழிலும் வந்தது. சிதையிலிருந்து லிட்டில்டன் அவளை மீட்கும் காட்சி அதில் இருக்கிறது. அப்படியானால் மாதவையாவும் என்னைப் போலத்தானா? இல்லை. அந்த மனிதர் 1903-லேயே 'முத்துமீனாட்சி' எழுதி, விதவைகளை வதைக்கிற தம் சொந்தச் சாதியோடு சண்டைக்கு நின்றவர். அவர் மூட்டிய நெருப்பில் சுட்டது அவர் வீட்டார் கை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் மதம் மாறாத ஒரு பிராமணர், மதம் மாறிய ஒரு பிராமண விதவையைக் கதாநாயகியாக்கிக் காட்டினார் என்றால், அந்தக் காலத்தில் அதற்குத் தைரியம் வேண்டும். அவருக்கு அந்தக் காட்சி தேவையாக இருந்தது. எனக்கு அது வெறும் பட்டாசு. அவர் ஒரு நோக்கத்தோடு கொளுத்தியதை நான் வசூலுக்காகக் கொளுத்தினேன். இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மன்னித்தாலும் நான் மன்னிப்பதாக இல்லை.

இதற்கு வருகிற ஆட்சேபணைகள் எனக்குத் தெரியும். முதலாவது, வாசகர்களுக்கு விறுவிறுப்பு வேண்டும் என்பது. மறுக்கப்பட்ட கதவின் முன் நிற்கிற ஒருத்தியைவிட விறுவிறுப்பு வேறென்ன? வாசகர்கள் மேல் பழி போடுவது எழுத்தாளன் தன் சோம்பலுக்குப் போர்த்துகிற போர்வை. இரண்டாவது, மதமாற்றம் என்பது நெருப்பு, அதைத் தொட்டால் இரண்டு பக்கமும் அடிப்பார்கள் என்பது. அடிக்கட்டும். துண்டுப் பிரசுரம் எழுதுகிறவருக்கு அவள் அறுவடை. எதிர்த்துப் பேசுகிறவருக்கு அவள் ஏமாந்த பேதை. இரண்டு பேருக்கும் அவள் புத்தியுள்ள மனுஷியாக இருந்துவிடக் கூடாது. சொந்தப் புத்தியோடு யோசித்து, தயங்கி, சில நாள் வருத்தப்பட்டு, மறுபடி தேர்ந்தெடுத்தவள் என்று எழுதினால் இரண்டு பேருக்கும் கோபம் வரும். இரண்டு பேருக்கும் கோபம் வருகிற மாதிரி எழுதுவதுதான் நாவலாசிரியன் வேலை என்று நினைக்கிறேன்.

மூன்றாவது ஆட்சேபணை, பெண்களின் உள்ளம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியம் இல்லை என்பது. இதைச் சொல்கிறவர்களை ஊட்டிக்கு அழைக்கிறேன். அங்கே பிரீக்ஸ் பள்ளிக்கூடம் இருக்கிறது. 1872-ல் இறந்துபோன நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸின் ஞாபகமாக ஏற்பட்டது. 1881-ல் கல்யாணமாகி, அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் சாமுவேல் சத்தியநாதனின் மனைவியாக ஊட்டிக்கு வந்தவள் கிருபாபாய். அகமதுநகரில் பிறந்தவள். மருத்துவம் படிக்கச் சென்னைக்கு வந்து, ஒரு வருஷத்தில் உடம்பு கெட்டுப் படிப்பை விட்டவள். ஊட்டியில் சும்மா இருக்கவில்லை. முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினாள். தோடர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'ஓர் இந்தியப் பெண்மணி' என்று கையெழுத்திட்டுக் கட்டுரை எழுதினாள். பெனிசியோ பாதிரியார் கண்ணாடி கொடுத்த அதே மலையில், இருநூற்றெண்பது வருஷம் கழித்து, ஒரு பெண் தானே பார்த்துத் தானே எழுதுகிறாள்.

பிறகு 1887, 88-ல் அவள் எழுதிய 'சகுணா' சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, 1896-ல் தமிழிலும் கிடைத்தது. அதன் முதல் பகுதி அவளுடைய தாயாரின் கதை. புருஷன் மதம் மாறிவிட்டான். மனைவியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் இஷ்டமில்லாமல் அவனிடம் வந்து சேர்கிறாள். புது வீட்டில் பழைய ஆசாரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். மனசு மாறுவதற்கு நாளாகிறது. இதை எழுதியவள் அந்தத் தாயின் மகள், பக்தியுள்ள கிறிஸ்தவப் பெண். ஆனாலும் அம்மாவின் எதிர்ப்பை மறைக்கவில்லை. எந்தக் குதிரைவீரனும் வரவில்லை. சாட்சியம் இல்லை என்கிறவர்கள் சாட்சியை எப்போதாவது கூப்பிட்டார்களா? முப்பத்திரண்டு வயதில், 1894-ல், கிருபாபாய் இறந்துபோனாள். ஊட்டிக்கு வருகிற எழுத்தாளர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், தாவரத் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். இங்கே மூன்று வருஷம் வாழ்ந்த நம் முன்னோடி ஒருத்தியின் பெயரைச் சொன்னால் 'யார் அது?' என்கிறார்கள். நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சொந்த விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். என் தொடர்கதையைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் முன்வந்தார். முன்பணமும் கொடுத்தார். அட்டைப் படம் தயாராகி வந்தது: சிதை, குதிரை, மயங்கிய பெண். அதைப் பார்த்ததும் டீச்சரம்மாவின் சுண்ணாம்பு ஞாபகம் வந்தது. திருத்தி எழுதித் தருகிறேன், ஒரு வருஷம் பொறுங்கள் என்றேன். "சார், நெருப்பை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் எழுதிய கதையில் நெருப்பை எடுத்தால் மிச்சம் ஒன்றும் இல்லைதான். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெண்ணின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று வைத்திருந்த பணம் அது. வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் என் மனைவி, "எழுதுங்கள், ஆனால் இந்தத் தடவை அந்தப் பெண்ணுக்குக் கணக்குத் தெரிந்திருக்கட்டும். உங்களைப் போல் இருக்க வேண்டாம்" என்றாள்.

இப்போது முதல் அத்தியாயத்தைப் புதிதாக எழுதியிருக்கிறேன். ஒரு விதவை சுண்ணாம்புக் காளவாய்க்காரனோடு விலை பேசுகிறாள். அவன் ஒரு விலை சொல்கிறான். அவள் தலையை ஆட்டுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அதை டீச்சரம்மாவுக்குத் திண்ணையில் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "அவன் சொன்னது ரொம்ப அதிகம் தம்பி. அந்தம்மா இன்னும் குறைச்சுக் கேட்டிருப்பா" என்றார். குறைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.